மேட்டூர் முதல் தேசியத் தொகுப்பு வரை: சேலம், நாமக்கல் சமவெளியில் மின் இணைப்புத் தரநிலைகளும் முனைப் பெயர்களும்

முன்னுரை

காவிரி நீரைக் கொண்டு 1902ஆம் ஆண்டு சிவசமுத்திரத்தில் ஆக்கப்பட்ட மின்சாரம் நொடிக்கு 25 சுற்று அதிர்வெண் உடையது. கோலார் தங்கச் சுரங்கங்களின் தேவைக்காக ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்கு அது அனுப்பப்பட்டது. அதே ஆறு கீழிறங்கிச் சேலம் மாவட்டத்தை அடையும் மேட்டூரில் 1937ஆம் ஆண்டு மின்னாக்கம் தொடங்கியபோது, அதிர்வெண் 50 ஆக இருந்தது. ஒரே ஆற்றின் இரு மின்னாக்கங்களை ஒரு கம்பியால் நேரடியாக இணைத்திருக்க இயலாது. மின் வலையமைப்பின் வரலாறு பெரும்பாலும் அணைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அணைகளுக்கு இடையே ஓடிய கம்பிகளும், அக்கம்பிகள் சேரும் முனைகளும், அம்முனைகளுக்கு இடப்பட்ட பெயர்களும் போதிய கவனம் பெறவில்லை. இக்கட்டுரை அவற்றைச் சேலம், நாமக்கல் சமவெளியை மையமாகக் கொண்டு ஆராய்கிறது.

ஈரோட்டுச் சந்திப்பு

சென்னை மாகாண அரசின் முதற்பெரும் நீர்மின் திட்டமான பைக்காரா 1930களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கியது. மேட்டூர் அணை 1934இல் திறக்கப்பட்டது. மூன்றாண்டுகள் கழித்து அதன் மின்னிலையம் இயங்கியது. இவ்விரு அமைப்புகளும் ஈரோட்டில் இணைக்கப்பட்டன. இரண்டும் 50 சுற்று என்பதால் இணைப்பு இயன்றது. பிரித்தானியாவில் 1926ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து தேசிய வலையமைப்புக்கு 50 சுற்றே பொது அளவாக்கப்பட்டமை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

அதிர்வெண் ஒத்திருப்பது மட்டும் போதாது. மின்னழுத்தம் ஒத்திருக்க வேண்டும். மூன்று கம்பிகளில் அலை உச்சமடையும் வரிசை ஒத்திருக்க வேண்டும். இணைப்பான் மூடப்படும் கணத்தில் இருபுறத்து அலைகளும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். பழைய மின்னிலையங்களில் இணைப்பானின் இருபுறத்துக்கும் நடுவே விளக்குகளைக் கட்டி, அவை அணையும் தறுவாயில் இணைப்பது வழக்கம். பிழை நேர்ந்தால் எந்திரத்தின் தண்டே முறுக்குண்டு சிதையலாம். எனவே கம்பி இழுப்பதற்கு முன்னரே அளவும் வரிசையும் குறித்த உடன்பாடு இரு தரப்புக்கும் தேவைப்பட்டது. தரநிலை என்பது இவ்வுடன்பாட்டின் எழுத்து வடிவமே.

அதிர்வெண்ணும் விசைத்தறியும்

1957ஆம் ஆண்டு மாநில மின்வாரியம் தோன்றிய பின், அண்டை மாநிலங்களோடு இணைந்து தென்மண்டலத் தொகுப்பு வளர்ந்தது. ஐம்பது என்ற எண் ஏட்டில் மாறவில்லை. நடப்பில் அது காக்கப்படவில்லை. 1990களில் தேவை மிகும் நேரங்களில் தென்மண்டல அதிர்வெண் 48.5க்கும் கீழே இறங்குவது இயல்பாயிருந்தது. பொறியியல் ஏடுகள் இதனை எந்திரங்களுக்கு நேரும் தீங்காகவே பேசின. பள்ளிபாளையம், குமாரபாளையம், இளம்பிள்ளை ஆகிய ஊர்களின் விசைத்தறிக் கூடங்களில் அதற்கு வேறொரு பொருள் உண்டு. மின்னோடியின் வேகம் அதிர்வெண்ணைப் பின்பற்றுவது. 50 சுற்றில் நிமிடத்துக்கு 1500 என அமையும் காந்தப்புலச் சுழற்சி 48.5இல் 1455 ஆகும். மூன்று விழுக்காடு குறைவு. மீட்டர் கணக்கில் கூலி பெறும் தறியோட்டிக்கு இது அதே நேரத்தில் மூன்று விழுக்காடு குறைவான துணி. எந்தக் கூலி ஒப்பந்தத்திலும் அதிர்வெண் ஒரு கூறாக இடம்பெற வாய்ப்பில்லை. ஆயினும் கூலியை அது தீர்மானித்தது.

2003 சனவரி 1 முதல் தென்மண்டலத்தில் நடைமுறைக்கு வந்த புதிய கட்டண முறை, அதிர்வெண் குறைந்த வேளையில் கூடுதலாக மின்சாரம் எடுப்போரிடம் கூடுதல் விலை பெற்றது. ஒழுங்குமுறைகள் அனுமதித்த வீச்சும் படிப்படியாகச் சுருங்கி, 2014இல் 49.90 முதல் 50.05 வரை என்றாயிற்று. தறியின் வேகத்தை நிலைப்படுத்தியதில் அறிவுரைகளைவிட விலைக்கே பங்கு மிகுதி எனலாம்.

இணையாமையின் பயனும் விலையும்

2012 சூலை 30, 31 ஆகிய நாள்களில் வட இந்தியத் தொகுப்பும், இரண்டாம் நாளில் அதனுடன் கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகளும் வீழ்ந்தன. தென்மண்டலம் தப்பியது. அது பிற மண்டலங்களோடு நேர்மின் வழிகளால் மட்டுமே பிணைந்திருந்தமை இதற்குக் காரணம். 2003இல் இயங்கத் தொடங்கிய தால்சேர்–கோலார் வழி அத்தகையது. (நூறாண்டுக்கு முன் காவிரி மின்சாரம் சென்ற கோலாருக்கே ஒடிசாவின் மின்சாரமும் வந்து சேர்ந்தது.) நேர்மின் வழி மின்சாரத்தைக் கடத்தும், அதிர்வெண்ணைக் கடத்தாது.

ஆனால் அதே ஆண்டில் சென்னைக்கு வெளியே தமிழகம் நாள்தோறும் பல மணி நேர மின்வெட்டில் உழன்றது. பிற மண்டலங்களில் மின்சாரம் கிடைத்தாலும் அதைக் கொண்டுவரும் வழிகளின் கொள்ளளவு சிறிது. நாமக்கல் மாவட்டத் தறிக்கூடங்களைப் பொறுத்தவரை, தென்மண்டலம் தனித்து நின்றமை பேரிருளிலிருந்து காத்த அரணாகவும், அன்றாட இருளுக்குக் காரணங்களுள் ஒன்றாகவும் ஒருங்கே அமைந்தது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் வழியால் தென்மண்டலம் நாட்டின் பிற பகுதிகளோடு ஒரே அதிர்வெண்ணில் இணைந்தது. சிவசமுத்திரத்துக்கும் மேட்டூருக்கும் இடையே அன்று இருந்த வேறுபாடு, இன்று நாட்டின் எந்த இரு மாறுமின் நிலையங்களுக்கு இடையிலும் இல்லை.

மாதிரியும் பெயரும்

இவ்வளவு பெரிய இணைப்பை முதலில் தாளிலோ கணினியிலோ செய்து பார்க்காமல் களத்தில் செய்ய இயலாது. 1929 முதல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வலையமைப்பின் சிற்றுருவை மின்தடைகளாலும் சுருள்களாலும் அமைத்து ஆய்ந்தனர். பின்னர்க் கணினி அவ்விடத்தைப் பிடித்தது. ஒரு நிறுவனத்தின் மாதிரியை மற்றொரு நிறுவனம் படிப்பதற்கென 1973இல் பொதுத் தரவு வடிவம் ஒன்று வெளியானது. இந்தியாவில் மின்தொகுப்பு இணைப்புக்கான தொழில்நுட்பத் தரநிலைகள் 2007இல் ஒழுங்குமுறைகளாயின. மின்னணுச் சுற்றுப்பலகைத் துறையும் இத்தகைய பாதையிலேயே நடந்தது: 1993இல் தோன்றிய ஐபிஸ் தரநிலை, 2019இல் வெளிவந்த 7.0 பதிப்பில்தான் இடையிணைப்புகளுக்கான விரிவான மாதிரி முறையைச் சேர்த்துக்கொண்டது.

மாதிரிகளைப் பரிமாறும்போது எழும் முதற்சிக்கல் பெயர். ஒரே கம்பி இந்தியத் துணைமின் நிலையத்தின் முற்றத்தில் சிவப்பு வண்ணத்தால் ‘ஆர்’ எனப்படும். மின்மாற்றியின் முனையில் அது ‘1யூ’. ஐஇசி 61850 தரநிலையைப் பின்பற்றும் காப்புக் கருவியின் தரவில் அது ‘ஏ’ கட்டம். சிவப்பு, மஞ்சள், நீல வரிசையை நமக்குத் தந்த பிரித்தானியா 2004 முதல் பழுப்பு, கறுப்பு, சாம்பல் நிறங்களுக்கு மாறிவிட்டது. இங்கே பழைய வரிசை நிலைத்துள்ளது.

ஊர்ப்பெயர்களும் விலக்கல்ல. சங்ககிரியை இரயில் நிலையம் ‘சங்கரி துர்க்’ என்கிறது. திருச்செங்கோட்டின் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆவணத்துக்கு ஆவணம் வேறுபடுகிறது. 2020 சூனில் 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில வடிவத்தை மாற்றிய அரசாணை சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஐஇசி 61970 தரநிலை இத்தகைய இடர்களுக்குத் தந்த தீர்வு எளியது. ஒவ்வொரு கருவியும் முனைகளைக் கொண்டது. முனைகள் இணைப்புப் புள்ளிகளில் சேர்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மாறாத ஓர் அடையாளக் குறி உண்டு. பெயர் மனிதருக்கு, குறி கணினிக்கு.

தமிழ் வழக்கு இதில் ஒரு நுட்பமான இடரைத் தருகிறது. மின்வாரிய அறிவிப்புகளிலும் உழவர் பேச்சிலும் ‘மும்முனை மின்சாரம்’ என்றே வழங்குகிறது. இங்கே ‘முனை’ என்பது அலையின் கட்டத்தைக் குறிக்கிறது. கருவியில் கம்பி பொருந்தும் இடமும் ‘முனை’யே. கலைச்சொல்லாக்க நோக்கில் இவ்விரண்டையும் பிரித்தல் நன்று. ஆயினும் வழக்கில் வேரூன்றிய சொல்லைப் பெயர்ப்பது எளிதன்று.

நடைமுறையில் இவ்விரு பொருளும் சந்திக்கும் இடம் கிணற்றடி. மின்மாற்றியைப் பழுதுபார்த்து மீளப் பூட்டும்போது இரு கம்பிகள் இடம் மாறினால், அம்மின்மாற்றியைச் சார்ந்த மும்முனை மின்னோடிகள் அனைத்தும் எதிர்த்திசையில் சுழலும். நீர் குறைந்து வருவதைக் கண்ட உழவர் தம் தொடக்கியில் ஏதேனும் இரு கம்பிகளை மாற்றிக்கொள்வார், நீர் வரும். மறுமுறை மின்பணியாளர் வந்து மின்மாற்றியில் வரிசையைச் சரிசெய்தால், அன்று அவருடைய மின்னோடி மட்டும் எதிர்த்திசையில் ஓடும்.