ஒளூவும் ஓயாத ஐயமும்

ஜமாஅத் தொழுகை முடிந்துவிட்டது. ஹவுளின் ஓரத்தில் ஒருவர் மட்டும் இன்னும் கைகளைக் கழுவிக்கொண்டிருக்கிறார். முழங்கை நனைந்ததா என்ற ஐயம் அவரை விடவில்லை. இத்தகையவரை நம்மில் சிலர் 'பேணுதல் மிக்கவர்' என்று புகழ்கிறோம்; வேறு சிலர் 'ஈமானில் குறை' என்று இகழ்கிறோம். இரண்டுமே பிழை என்பதை வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவுத் தண்ணீரில் ஒளூச் செய்ததாக ஹதீஸ்கள் கூறுகின்றன. அஃது ஏறத்தாழ முக்கால் லிட்டர்தான். வாயால் சொல்லவும் அஞ்சத்தக்க எண்ணங்கள் உள்ளத்தில் எழுவதாகத் தோழர்கள் முறையிட்டபோது, அந்த அச்சத்தையே தெளிவான ஈமானின் அடையாளமாக அவர்கள் எடுத்துரைத்ததை ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்துள்ளது.

கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடல் நலத்தையும் உள நலத்தையும் இணைத்து ஒரு நூல் இயற்றினார். அதில் அச்சம், துயரம், சினம் ஆகியவற்றிலிருந்து பிரித்து, வஸ்வாஸுக்குத் தனி இடம் அளித்தார். தனிமை அந்நோயை வளர்க்கும் என்பதும் அவர் கண்டறிந்த உண்மை. கி.பி. 1223இல் மறைந்த இப்னு குதாமா, ஒளூவிலும் நிய்யத்திலும் ஐயுற்று மீண்டும் மீண்டும் செய்வோரைக் கண்டித்துத் தனி நூலே எழுதினார். உறுதியானதை ஐயம் நீக்காது என்பது நம் ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று.

அவ்வாறாயின், விதியை அறிந்தவர்களும் ஏன் விடுபட முடியவில்லை? இங்கேதான் உளவியலாளரின் ஆய்வு நமக்குத் துணை நிற்கிறது.

ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோய் குணமாவது அரிது என்றே மேலை நாட்டு மருத்துவர்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1966இல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் உளவியலாளர் விக்டர் மேயர், இரு நோயாளிகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். அவர்கள் அஞ்சியதையே எதிர்கொள்ளச் செய்து, அதன்பின் வழக்கமான சடங்கைச் செய்யவிடாமல் தடுத்தார். செவிலியர் உடனிருந்து காத்தனர். சடங்கு இல்லாமலே அஞ்சிய தீங்கு நிகழவில்லை என்பதை நோயாளி தாமே கண்டார். 1974இல் 15 நோயாளிகளைப் பற்றி அவர் குழு எழுதியபோது, பெரும்பாலோர் நன்கு தேறியிருந்தனர்.

1978இல் ஸ்டான்லி ராக்மனும், இலங்கையில் பிறந்த பத்மல் டி சில்வாவும் மற்றோர் உண்மையை வெளிக்கொணர்ந்தனர். நோயற்றவர்களின் உள்ளத்திலும் இதே போன்ற வேண்டாத எண்ணங்கள் எழுகின்றன. எண்ணத்தின் பொருளில் பெரும் வேறுபாடு இல்லை. அது தரும் வேதனையிலும், அதை விலக்கும் அருமையிலும்தான் வேறுபாடு உள்ளது. ஆகவே, எண்ணம் எழுவது குற்றமன்று.

'திரும்பச் செய்யாதே' என்ற அறிவுரை நம் முன்னோரிடமே இருந்தது. அச்சம் தணியும் வரை ஒருவர் அருகிலிருக்க வேண்டும் என்பதே மேயரின் சிகிச்சை அதனோடு சேர்த்தது. கண்டிப்பு மட்டும் நோயைத் தீர்ப்பதில்லை.

நம் வீடுகளில் நாம் செய்யும் தவறு இரண்டு. ஒன்று, ஏசுதல். மற்றொன்று, "என் ஒளூ கூடியதா உம்மா?" என்று பிள்ளை பத்தாவது முறை கேட்கும்போதும், "கூடிவிட்டது வாப்பா" என்று பரிவோடு பதிலளித்தல். அந்தப் பதில் ஒரு நொடி அமைதி தருகிறது. அடுத்த ஐயத்திற்கும் அதுவே உரமாகிறது. "இது வஸ்வாஸ் கேட்கும் கேள்வி, வா, சேர்ந்து தொழுவோம்" என்று கைபிடித்து அழைத்துச் செல்வதே மேல்.

ஐயம் அன்றாட வாழ்வை முடக்குமானால், இத்துறையில் பயிற்சி பெற்ற உளவியலாளரையோ மனநல மருத்துவரையோ நாடத் தயங்க வேண்டாம். மருந்தும் பலருக்குப் பயன் தருகிறது. நோய்க்கு மருத்துவம் தேடுமாறு ஏவிய மார்க்கம் நம்முடையது. ஹவுளின் ஓரத்தில் நிற்பவரை இனித் தனியே விட்டுவராதிருப்போம்.