தன் வாயாலேயே செவிடாகும் ரிப்பீட்டர்

இந்த எபிசோடைப் புத்தூர்ல எங்க வீட்டு மொட்டை மாடியில இருந்து பேசறேன். நடுவுல பஸ் ஹாரன் கேட்டா பொறுத்துக்கோங்க.

போன மாசம் நண்பர் ஒருத்தரோட ஹாம் ரேடியோ ரிப்பீட்டர் மக்கர் பண்ணிச்சு. அது பேசறது எங்களுக்குக் கணீர்னு கேட்குது. நாங்க கையடக்க செட்ல பேசறது அதுக்குக் கேட்கலை. ஆன்டெனா, கேபிள், ரிசீவர்னு எல்லாத்து மேலயும் சந்தேகம். கடைசியில டிரான்ஸ்மிட்டரை அணைச்சுட்டுப் பார்த்தோம். ரிசீவருக்கு உடனே காது திறந்துடுச்சு!

ரிப்பீட்டர் ஒரே நேரத்துல கேட்கவும் வேணும், பேசவும் வேணும். 2 மீட்டர் பேண்டில் ரெண்டுக்கும் நடுவுல வழக்கமான இடைவெளி 600 கிலோஹெர்ட்ஸ்தான். நல்ல ரிசீவர் 0.2 மைக்ரோவோல்ட் சிக்னலைக்கூடப் பிடிக்கும். பக்கத்துல இருக்கிற 25 வாட் டிரான்ஸ்மிட்டரின் சக்தி அதைவிட எத்தனை மடங்கு தெரியுமா? 3 போட்டு 16 சைபர். நாதஸ்வரம் வாசிச்சுக்கிட்டே மண்டபத்தின் கடைசி வரிசையில முணுமுணுக்கிறதைக் கேட்கிற வேலை இது. இதுக்குத்தான் நடுவுல கேவிட்டி ஃபில்டர்னு உலோக உருளைகள் வெப்பாங்க. எங்களோடதுல டியூனிங் நகர்ந்திருந்தது.

இந்தத் தலைவலி விண்வெளிக்கும் போயிருக்கு. 1965 மார்ச் 9-ல் ஏவப்பட்ட ஆஸ்கார் 3, ஹாம்களோட சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பின செயற்கைக்கோள். கேட்டது 144.1 மெகாஹெர்ட்ஸ், பேசினது 145.9. ரெண்டும் ஒரே பேண்ட். மேல போன பிறகு ஸ்பேனரை எடுத்துக்கிட்டு யார் போறது? 1974-ல் வந்த ஆஸ்கார் 7-ல் ஒரு டிரான்ஸ்பாண்டர் 432-ல் கேட்டு 145.9-ல் பேசிச்சு. வாயையும் காதையும் வேற வேற பேண்டுக்குப் பிரிச்சுட்டாங்க.

நம்ம ஊர் கதைக்கு வருவோம். 2004 டிசம்பர் 26 சுனாமி வந்தப்போ, ஹாம் பயணமா அந்தமான் போயிருந்த பாரதி பிரசாத் குழு போர்ட் பிளேர்ல இருந்து செய்திகளைக் கடத்திக்கிட்டு இருந்தது. அடுத்த அஞ்சாவது மாசம், 2005 மே 5-ல், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி6 மூலமா கார்ட்டோசாட் 1 கூடவே ஹாம்சாட் மேல போச்சு. எடை 42.5 கிலோ. உள்ளே ரெண்டு டிரான்ஸ்பாண்டர்: ஒண்ணு இந்தியாவில் செஞ்சது, இன்னொண்ணு நெதர்லாந்தின் ஹாம் மாணவர் ஒருத்தர் செஞ்சது. 435-ல் கேட்கும், 145.9 பக்கம் சுமார் 1 வாட்ல பேசும்.

சரி, இனி செவிடாகாதுல்ல? ஆகும். இந்த வகை டிரான்ஸ்பாண்டரைப் பல பேர் ஒரே நேரத்துல பயன்படுத்தலாம். யாராவது ஒருத்தர் ஓவர் பவர்ல கத்தினா, உள்ள இருக்கிற தானியங்கிக் கட்டுப்பாடு எல்லாருக்குமா சேர்த்து ஒலிப்பெருக்கத்தைக் குறைச்சுடும். அஞ்சு வாட்ல பேசற ஆள் காணாமப் போயிடுவார். இதுக்கு ஃபில்டர் கிடையாது, கத்தறவரே குறைச்சுக்கணும்! சர்வர் பக்கம் வேலை பார்க்கிறவங்களுக்கு இந்த வயித்தெரிச்சல் நல்லாவே புரியும்.

ரெண்டு வருஷ ஆயுள்னு அனுப்பின ஹாம்சாட் ஒன்பது வருஷம் உழைச்சது. 2014 ஜூலையில் பேட்டரி போய் நின்னுடுச்சு. நான் இன்ஜினியரிங் சேர்ந்த வருஷம் அது. ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஆனா ஆஸ்கார் 7 இருக்கே, 1981-ல் பேட்டரி செத்து, 2002-ல் சூரியத் தகட்டை மட்டும் நம்பி மறுபடி முழிச்சுக்கிச்சு. இன்னிக்கு அது நம்ம தலைக்கு மேல வர்ற நேரத்தைப் பார்த்து வெச்சிருக்கேன். இந்த மைக்கை ஆஃப் பண்ணிட்டு அந்த செட்டை ஆன் பண்ணப் போறேன்.