ஈழத்துத் திரையிற் பெண்

கலைகளுள் மிக இளையது சினிமா. ஆயினும், ஒரு சமுதாயம் யாரைக் காண விரும்பியது, யாரைக் காணாதிருக்க விரும்பியது என்பதை அறிதற்கு அது பழைய ஏடுகளினும் பயன்தரும் சான்றாகும்.

பெண்வேடத்தை ஆடவரே தாங்கிய நாடக மரபு யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் நிலவிற்று. மேடையேறிய பெண்ணை மதிக்கும் மனம் தமிழகத்திலும் அன்று அரிதே. அந்நிலையில், 1931 இல் எச். எம். ரெட்டியின் இயக்கத்தில் வெளிவந்த 'காளிதாஸ்' படத்திலே டி. பி. ராஜலட்சுமி தமிழிற் பேச, கதாநாயகன் தெலுங்கிற் பேசினான். மொழித்தூய்மை பற்றிய கவலை திரையை எட்டாத காலம் அது. அவ்வம்மையார் 1936 இல் 'மிஸ் கமலா' என்னும் படத்தைத் தாமே இயக்கவுஞ் செய்தார்.

இலங்கையின் கதை இன்னும் வியப்புடையது. 1947 சனவரி 21 இல் திரையிடப்பெற்ற முதற் சிங்களப் பேசும்படம் 'கடவுனு பொறொந்துவ'. அதைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். படம் பிடிக்கப்பெற்ற இடம் மதுரைச் சித்திரகலா மூவிடோன். இயக்குநர் ஜோதிஷ் சிங். கதாநாயகி ருக்மணி தேவியோ, 1923 இல் றம்பொடையிற் கிறித்தவக் குடும்பமொன்றிலே டெயிசி இராசம்மா டானியல்ஸ் என்னும் பெயருடன் பிறந்தவர். சிங்கள மக்கள் தம் மகளாகவே கொண்டாடிய முகமும் குரலும் இராசம்மாவினுடையவை. டெயிசியும் இராசம்மாவும் திரைக்கு ஆகாத பெயர்களாயினமை ஏன் என்பது சிந்திக்கற்பாலது.

ஸ்பானியாவிலே பிராங்கோவின் அரசு, அயல்மொழிப் படங்கள் கஸ்டீலிய மொழியிற் குரல்மாற்றம் பெற்றே காட்டப்படல் வேண்டுமென 1941 இல் ஆணையிட்டது. ஈழத்தமிழைத் திரைக்குப் புறம்பே நிறுத்துதற்கு அத்தகைய ஆணை எதுவும் வேண்டியிருக்கவில்லை; தமிழகப் படங்களின் இறக்குமதியே போதுமாயிற்று. யாழ்ப்பாணத்துப் பெண் திரையிலே தன்னைப் போற் பேசும் ஒருத்தியைக் காண நெடுநாட் காத்திருந்தாள்.

அவளுக்கு உருவங் கொடுத்த படங்களுள் 'பொன்மணி' தலையாயது. மண்கும்பான் அமைந்த வேலணைத் தீவின் வடமேற்கு முனையிலே ஊர்காவற்றுறை உள்ளது. அவ்வூரைத் தம் பெயரில் ஏந்திய காவலூர் இராசதுரை திரைக்கதை எழுத, சிங்களவரான தர்மசேன பத்திராஜா 1977 இல் அதனை இயக்கினார். சீதனத்தின் பொருட்டுத் திருமணந் தடைப்படும் பெண்ணின் துயரும், சாதி கடந்து காதலித்தவளின் துணிவும் அதன் பொருள். ஆடலும் அடுக்குமொழியும் அற்ற அப்படம் வணிக வெற்றி பெறவில்லை. தம் வீட்டு முற்றத்தைத் திரையிற் காண்பதற்கு மக்கள் விரும்பவில்லை போலும்! அடுத்த ஆண்டில், நெடுந்தீவைக் களமாகக் கொண்ட செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவல் பிரேம்நாத் மொறாயிஸ் இயக்கத்திற் படமாயிற்று. தீவகத்துக் கடற்கரைப் பெண்ணின் வாழ்வு அங்ஙனம் திரையேறியது. சுமித்திரா பீரிஸ் இயக்கிய முதற்படமாகிய 'கெஹெணு லமாய்' வெளிவந்ததும் அவ்வாண்டே.

அதே 1978 இல் ருக்மணி தேவி வீதி விபத்தில் இறந்தார். ஐந்தாண்டுகளின் பின், 1983 யூலைக் கலவரத்திலே, சிங்களப் படங்கள் பல உருவாகிய ஹெந்தளை விஜயா கலையகம் எரிக்கப்பட்டது. அதன் உரிமையாளர் கே. குணரத்தினம் தமிழர். அந்நெருப்பில் அழிந்த படச்சுருள்களோடு, தமிழரும் சிங்களவரும் கூடி உருவாக்கிய எத்தனையோ பெண் முகங்களும் சாம்பராயின.