தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் பிரிஸ்கோ கவுண்டி, ஜூனியர்

தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் பிரிஸ்கோ கவுண்டி, ஜூனியர் என்பது அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 1993-94 இல் ஒளிபரப்பான, அறிபுனை கலந்த கௌபாய் தொடர் ஆகும். ஜெஃப்ரி போம், கார்ல்டன் கியூஸ் ஆகியோர் இதனை உருவாக்கினர்.

கதை

கதை 1893 இல் நிகழ்கின்றது. ஹார்வர்டில் சட்டம் பயின்ற பிரிஸ்கோ (புரூஸ் கேம்பல்), வெகுமதிக்காகக் குற்றவாளிகளைப் பிடிப்பவன். தன் தந்தையைக் கொன்ற ஜான் பிளையின் கும்பலை அவன் தேடுகிறான். மண்ணுக்கடியில் கிடைக்கும் மர்ம உருண்டையொன்று தொடுவோர்க்கு அளவற்ற வலிமை தருகிறது. அது எதிர்காலத்திலிருந்து வந்தது. இவ்வுருண்டையைவிடச் சுவையானது, வரவிருக்கும் புதுமைகள்மீது பிரிஸ்கோ கொண்டுள்ள ஆர்வமே. தண்டவாளத்தில் ஓடும் ராக்கெட்டும் மோட்டார் சைக்கிளும் குதிரைகளுக்கிடையே தோன்றுகின்றன. பிளையின் கதை முன்னதாகவே முடிவதால் இறுதி அத்தியாயங்கள் சற்றுத் தொய்கின்றன.

வரவேற்பு

வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு இத்தொடரும், அதையடுத்து தி எக்ஸ்-ஃபைல்ஸ் தொடரும் ஒளிபரப்பாயின. ஃபாக்ஸ் நிறுவனம் பெரிதும் நம்பியது இதனையே. ஆயினும் பார்வையாளர் குறைந்ததால் இது 27 அத்தியாயங்களுடன் நிறுத்தப்பட்டது; எக்ஸ்-ஃபைல்ஸ் 2002 வரை தொடர்ந்தது.

ராண்டி எடெல்மன் அமைத்த முகப்பிசையை என்பிசி தொலைக்காட்சி பின்னர் தனது ஒலிம்பிக் ஒளிபரப்புகளில் பயன்படுத்தியது. இதனால் தொடரைப் பார்த்திராத பலரும் அவ்விசையை அறிவர். தொடர் 2006 இல் டிவிடியாக வெளியானது.