ஒதுக்கீடும் அமானத்தும்: மாம்பலத்துச் சாலைப் பெயர்கள் முதல் நிர்வாக இடங்கள் வரை

மேற்கு மாம்பலத்தில் வசிப்போர் தியாகராய நகருக்கு வரவேண்டுமாயின் ரயில் தண்டவாளத்தைக் கடந்தாக வேண்டும். துரைசாமி சுரங்கப்பாதை வழியே வந்தாலும், மாம்பலம் நிலையத்தின் நடைமேம்பாலம் ஏறி ரங்கநாதன் தெரு வழியே வந்தாலும், அவர்கள் வந்து சேருமிடம் உஸ்மான் சாலை. அதற்கப்பால் ஹபீபுல்லா சாலை, பசுல்லா சாலை, டாக்டர் நாயர் சாலை, பனகல் பூங்கா என்று பெயர்கள் தொடர்கின்றன. துணிக்கடைகளின் நெரிசலில் இப்பெயர்களை வெறும் முகவரிகளாகவே நாம் உச்சரிக்கிறோம். 1920களில் மாம்பலத்து ஏரியை வடித்து இந்நகரை அமைத்தபோது, அன்று மாகாணத்தை ஆண்ட நீதிக்கட்சியின் தலைவர்களும் அக்காலத்துப் பொதுவாழ்வில் சிறந்த பெருமக்களும் அதன் தெருக்களில் இடம்பெற்றனர்.

சர் முகமது உஸ்மான் 1934இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகப் பொறுப்பேற்றவர். அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் விளங்கியவர். சுதேச மருத்துவ முறைகளை ஆராய 1921இல் அமைந்த குழுவுக்கு அவரே தலைவர். அக்குழுவின் அறிக்கையைத் தொடர்ந்தே சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகிய மூன்றையும் கற்பிக்கும் அரசு மருத்துவப் பள்ளி 1925இல் சென்னையில் தோன்றியது. சர் முகமது ஹபீபுல்லா வைஸ்ராயின் நிர்வாக சபையில் கல்வி, சுகாதாரம், நிலம் ஆகிய துறைகளைக் கவனித்தவர். கல்லூரியின் வாயிலில் யார் நுழைவது என்னும் வினா அரசியலின் மைய வினாவாக இருந்த காலம் அது.

இன்றும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாள்களில், தண்டவாளத்தின் இரு பக்கத்து வீடுகளிலும் அதே வினா எழுகிறது. கலந்தாய்வில் இடம் கிடைக்குமா, இல்லையேல் நிர்வாக ஒதுக்கீட்டில் ‘வாங்கி’விடலாமா என்று பெற்றோர் பேசிக்கொள்கின்றனர். ‘வாங்குதல்’ என்னும் வினைச்சொல் நம் கல்விப் பேச்சில் எவ்வாறு புகுந்தது? ஒரு சமூகத்தின் உரிமைப் பங்கைக் குறித்த ‘ஒதுக்கீடு’ என்னும் சொல், ஒரு நிர்வாகத்தின் உடைமைப் பங்கைக் குறிக்கலானது எங்ஙனம்? சிறுபான்மைக் கல்வி நிலையங்களை நடத்திவரும் நம் சமுதாயம் இதை ஆராய்ந்து அறிவது கடமையாகும்.

பன்னிரண்டில் இரண்டு

நீதிக்கட்சி ஆட்சி 1921இல் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவ ஆணையைப் பிறப்பித்தது. அதனைத் திட்டமான கணக்காக்கி 1920களின் பிற்பகுதியில் நடைமுறைப்படுத்தியவர் அமைச்சர் எஸ். முத்தையா முதலியார். அக்கணக்கின்படி அரசுப் பணியிடங்கள் பன்னிரண்டில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு ஐந்து, பிராமணருக்கு இரண்டு, முஸ்லிம்களுக்கு இரண்டு, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறிஸ்தவர்களுக்கு இரண்டு, ஒடுக்கப்பட்டோருக்கு ஒன்று. 1947இல் இது பதினான்காக மாற்றியமைக்கப்பட்டபோது முஸ்லிம்களின் பங்கு ஒன்றாகச் சுருங்கியது. இதே முறையில்தான் மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களும் நிரப்பப்பட்டன.

அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்த 1950ஆம் ஆண்டிலேயே இவ்வாணை வழக்கு மன்றம் சென்றது. மருத்துவக் கல்லூரி தொடர்பாகச் செண்பகம் துரைராஜன் என்னும் அம்மையாரும், பொறியியல் கல்லூரி தொடர்பாக சி.ஆர். சீனிவாசன் என்னும் மாணவரும் தொடுத்த வழக்குகள் அவை. உயர்நீதிமன்றமும், 1951 ஏப்ரல் 9 அன்று உச்சநீதிமன்றமும் ஆணை செல்லாது என்றன. தமிழகத்தில் எழுந்த கிளர்ச்சியை ஒட்டி அவ்வாண்டே அரசியல் சாசனம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. 15(4) என்னும் உட்பிரிவு பிறந்தது. பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு வழி திறந்தது. ஆனால் முஸ்லிம்கள் என்ற பெயரில் இருந்த தனிப்பங்கு அன்றோடு மறைந்தது. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கென 3.5 விழுக்காடு 2007இல் தனியே ஒதுக்கப்படும் வரை, இடைப்பட்ட காலம் ஐம்பத்தாறு ஆண்டுகள்.

அவ்வழக்கின் தீர்ப்பில் அதிகம் பேசப்படாத செய்தி ஒன்றுண்டு. அன்று மாகாணத்தின் நான்கு மருத்துவக் கல்லூரிகளிலும் சேர்த்து இருந்த இடங்கள் 330. நான்கு பொறியியல் கல்லூரிகளில் 395. இவ்விரு துறையிலும் பன்னிரண்டு பன்னிரண்டு இடங்கள் அரசு தன் விருப்பப்படி வழங்குவதற்கென விடப்பட்டிருந்தன. வகுப்புக் கணக்குக்கும் மதிப்பெண் கணக்குக்கும் அப்பாற்பட்ட இடங்கள் அன்றே இருந்தன என்பதற்கு இது சான்று. அவ்விருப்புரிமை அன்று அரசின் கையில் இருந்தது. தனியார் கைக்கு அது மாறியது பின்னைய வரலாறு.

நன்கொடையின் வரவு

1953இல் மணிப்பாலில் டாக்டர் டி.எம்.ஏ. பாய் தொடங்கிய கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரி, மாணவர் செலுத்தும் பணத்தைக் கொண்டே தொழிற்கல்லூரி நடத்தும் முறைக்கு முன்னோடியாயிற்று. தமிழகத்தில் இம்முறை பெருகியது எம்.ஜி.ஆர். ஆட்சிக் காலத்தில். 1984ஐ ஒட்டிச் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி வழங்கப்பட்டது. பொறியியல், மருத்துவப் படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு வந்ததும் அவ்வாண்டே. வண்டலூரில் கிரசெண்ட் பொறியியல் கல்லூரியும், கீழக்கரையில் முகமது சதக் பொறியியல் கல்லூரியும் 1984இல் தோன்றியவை.

சென்னைப் புதுக்கல்லூரியும் திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் 1951இல் பிறந்தவை. வகுப்புவாரி ஆணை வீழ்ந்த ஆண்டும் அதுவே. ஒன்றுக்கொன்று காரணம் என்று கூறுவதற்கில்லை. ஆயினும் அரசின் பட்டியலில் தனிப்பங்கு இல்லாத அந்த ஐம்பத்தாறு ஆண்டுகளில், நம் வணிகப் பெருமக்கள் தம் பொருளைக் கொண்டு நிறுவிய கல்லூரிகளே சமுதாயத்தின் மாற்றுப் பங்காக விளங்கின என்பது வரலாற்று உண்மை.

சுயநிதிக் கல்லூரிகள் பெருகியபோது கட்டாய நன்கொடையும் பெருகியது. அதனைத் தடைசெய்து தமிழக அரசு 1992இல் சட்டம் இயற்றியது. அதே ஆண்டில் மோகினி ஜெயின் வழக்கில் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்தது. கர்நாடகத்தின் தனியார் மருத்துவக் கல்லூரிகளில் அரசு இடத்துக்கு ஆண்டுக் கட்டணம் 2,000 ரூபாய், அம்மாநிலத்தின் பிற மாணவருக்கு 25,000, வெளிமாநிலத்தவருக்கு 60,000. ஒரே வகுப்பறையில் ஒரே பாடத்தைக் கேட்கும் மூவருக்கு மூன்று விலை! நன்கொடை கல்வியுரிமைக்குப் புறம்பானது என்று நீதிமன்றம் கூறியது.

நான்கு தீர்ப்புகள்

1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கின் தீர்ப்பு ஒரு திட்டத்தையே வகுத்தது. தனியார் தொழிற்கல்லூரியில் பாதி இலவச இடங்கள், பாதி கட்டண இடங்கள். இரண்டும் தகுதி வரிசைப்படியே நிரப்பப்பட வேண்டும். நிர்வாகத்துக்கோ, கல்லூரியை நிறுவிய குடும்பத்துக்கோ, சாதிக்கோ, சமூகத்துக்கோ தனி ஒதுக்கீடு கிடையாது. நிர்வாக ஒதுக்கீடு என்னும் கருத்தே அன்று சட்டத்தில் இல்லை.

ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் அது மீண்டு வந்தது. 2002 அக்டோபர் 31 அன்று டி.எம்.ஏ. பாய் அறக்கட்டளை வழக்கில் பதினொரு நீதிபதிகள் கொண்ட ஆயம், உன்னிகிருஷ்ணன் திட்டத்தை நீக்கியது. ஒரு பகுதி இடங்களை நிர்வாகமே நிரப்பலாம் என்றது. எனினும் அவ்விடங்களும் பொது நுழைவுத் தேர்வில் தேறியவர்களுக்கே உரியவை என்றும் சொன்னது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 14 அன்று வந்த தீர்ப்பு, சேர்க்கையையும் கட்டணத்தையும் கண்காணிக்க ஓய்வுபெற்ற நீதிபதிகளின் தலைமையில் குழுக்களை ஏற்படுத்தியது. 2005 ஆகஸ்ட் 12 அன்று ஏழு நீதிபதிகளின் ஆயம், உதவிபெறாத கல்லூரிகளின் மீது அரசு தன் ஒதுக்கீட்டைத் திணிக்க இயலாது என்றது; வெளிநாடுவாழ் இந்தியருக்கு 15 விழுக்காடு வரை இடமளித்தது; நன்கொடையை மட்டும் மீண்டும் விலக்கியது. அவ்வாண்டின் 93ஆவது திருத்தம் தனியார் கல்லூரிகளிலும் இடஒதுக்கீட்டுக்கு வழிசெய்தபோது சிறுபான்மை நிலையங்களுக்கு விலக்களித்தது.

இறுதியிற் கூறிய இரு தீர்ப்புகளின் பெயர்களை நோக்குக. 2003ஆம் ஆண்டுத் தீர்ப்பு ‘இஸ்லாமியக் கல்விக் கழகம்’ தொடுத்த வழக்கில் வந்தது. 2005ஆம் ஆண்டுத் தீர்ப்பு பூனா நகரில் முஸ்லிம் கல்வி நிலையங்களை வளர்த்த பி.ஏ. இனாம்தார் அவர்களின் பெயரைத் தாங்கியது. நிர்வாக ஒதுக்கீட்டின் சட்ட வரலாற்றில் நாம் வெறும் பார்வையாளர்கள் அல்லர், வாதிகள்.

பதினைந்து இடங்களின் கணக்கு

தமிழ்நாட்டில் இத்தீர்ப்புகளின் பின் உருவான நடைமுறை எளிய கணக்கு. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வுக்குச் சிறுபான்மையல்லாத தனியார் பொறியியல் கல்லூரி நூற்றுக்கு 65 இடங்களை ஒப்படைக்கிறது. சிறுபான்மைக் கல்லூரி 50 இடங்களை ஒப்படைக்கிறது. ஆகவே முதலாவதன் நிர்வாகத்திடம் 35 இடங்களும், இரண்டாவதன் நிர்வாகத்திடம் 50 இடங்களும் எஞ்சுகின்றன.

இடையிலுள்ள பதினைந்து இடங்கள் எங்கிருந்து வந்தன? நிர்வாகிகளின் முதலீட்டினால் வந்தன என்றால், முதலீடு செய்த பிறருக்கும் அவை கிடைத்திருக்க வேண்டும். அரசியல் சாசனத்தின் 30(1)ஆம் பிரிவு சிறுபான்மையினருக்கு வழங்கிய உரிமையால் வந்தவை அவை. அவ்வுரிமையின் உடைமையாளர் சமுதாயம். அதனைக் கையாள்பவர் நிர்வாகி. அவ்விடங்களில் ஒன்று, பொருள் உள்ளவருக்கு மட்டும் எட்டும் விலையில் கைமாறுமாயின், விற்கப்படுவது ஓர் ஏழை முஸ்லிம் மாணவரின் பங்கு.

நிர்வாகிகளின் தரப்பையும் நேர்மையாக எண்ண வேண்டும். அரசின் உதவி பெறாத கல்லூரி ஆசிரியர்க்கு ஊதியம் தரவேண்டும்; ஆய்வுக்கூடம் அமைக்க வேண்டும். அரசு ஒதுக்கீட்டு இடத்தின் கட்டணம் குறைவாக வரையறுக்கப்படும்போது சுமையின் ஒரு பகுதி நிர்வாக இடங்களின் மீது விழுவது இயல்பு. குழு வரையறுத்த கட்டணத்தை வாங்குவது குற்றமன்று. வினா அதற்கு மேற்பட்டது: வரையறைக்கு வெளியே ரசீதின்றிப் பெறுவது எதன் பெயரால்? வசதியுள்ளவரிடம் கூடுதலாகப் பெற்றதில் வசதியற்றவருக்கு எத்தனை இடங்கள் சென்றன?

முத்தவல்லியின் எல்லை

இதற்கு விடைகாண நமது மரபே போதுமானது. பாக்தாதில் 1067இல் திறக்கப்பட்ட நிஜாமிய்யா மதரஸாவில் பேராசிரியரை நியமிக்கும் அதிகாரத்தை நிறுவனர் நிஜாமுல் முல்க் தம்மிடமே வைத்திருந்தார். நிறுவியவருக்கு நிர்வாக உரிமை உண்டென்பதை நம் ஃபுகஹாக்கள் மறுக்கவில்லை. ஆனால் மாணவரின் இடம் விலைப்பொருளாகவில்லை. வக்ஃபின் வருவாயிலிருந்து மாணவருக்கே உதவித்தொகை வழங்கப்பட்டது. அதே நகரில் ஹிஜ்ரி 631இல், அதாவது 1234இல், கலீஃபா முஸ்தன்சிர் திறந்த முஸ்தன்சிரிய்யாவில் நான்கு மத்ஹபுகளுக்கும் தலா 62 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. மருத்துவம் பயிலவும் இடமிருந்தது. அங்கே ஒதுக்கீடு இருந்தது, விலை இல்லை.

வக்ஃபுச் சட்டத்தில் முத்தவல்லி மேலாளரே அன்றி உரிமையாளர் அல்லர். சொத்தை விற்கவோ தம் குடும்பத்தின் நலனுக்குத் திருப்பவோ அவருக்கு உரிமை இல்லை. வக்ஃபு செய்தவரின் நிபந்தனை சட்ட வாசகத்துக்கு நிகராக மதிக்கப்படும். நம் கல்லூரிகளுள் பல, சட்டப்படி அறக்கட்டளைகளாகவோ சங்கங்களாகவோ பதிவானவை, வக்ஃபுகள் அல்ல. ஆயினும் சிறுபான்மை என்னும் தகுதி சமுதாயம் முழுமைக்கும் உரியதாதலின், அத்தகுதியால் பெற்ற இடங்கள் வக்ஃபின் தன்மையுடையன என்று கொள்வதே நீதிக்கு நெருக்கமானது.

அமானத்களை அவற்றுக்குரியோரிடம் ஒப்படைக்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனம் கட்டளையிடுகிறது. மக்கா வெற்றியின்போது கஃபாவின் திறவுகோலைத் தம் உறவினர் கேட்டும், பெருமானார் (ஸல்) அவர்கள் அதனை முன்பு பொறுப்பேற்றிருந்த உஸ்மான் இப்னு தல்ஹாவிடமே திருப்பியளித்ததை இவ்வசனத்தின் விளக்கத்தில் முஃபஸ்ஸிர்கள் எடுத்துரைப்பர். ஆற்றல் முழுதும் தம் கையில் இருந்த நாளில் காட்டிய நேர்மை அது.

செய்யத்தக்கன

மருத்துவத் துறையில் விருப்புரிமையின் எல்லை இப்போது சுருங்கிவிட்டது. நீட் தேர்வு சிறுபான்மை நிலையங்களுக்கும் பொருந்தும் என்று 2020 ஏப்ரலில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறுபான்மை நிலையங்களின் தன்னுரிமைக்கு இது இழப்பு என்று வருந்துவோர் உளர். தன்னுரிமையைத் தூய்மையாகக் கையாண்டதற்கான சான்றுகளை நாடெங்கும் நிர்வாகங்கள் முன்வைத்திருந்தால், பறிப்பதற்கான வாதம் வலுவிழந்திருக்கும். பொறியியலில் இன்றும் அவ்விருப்புரிமை எஞ்சியுள்ளது. அதனைக் காக்க நம்மிடம் உள்ள வழி வெளிப்படைத்தன்மையே.

நிர்வாக இடங்களில் சேர்ந்தோரின் மதிப்பெண் வரிசையை ஆண்டுதோறும் வெளியிடலாம். சிறுபான்மைத் தகுதியால் கிடைத்த கூடுதல் பதினைந்தில் ஒரு பகுதியை, ஜமாஅத்துகளின் பரிந்துரையோடும் தகுதி வரிசையோடும், கட்டணமின்றி வழங்கலாம். அக்கணக்கை அறக்கட்டளையின் ஆண்டறிக்கையில் சேர்க்கலாம். இவற்றுக்கு அரசின் ஆணையோ நீதிமன்றத்தின் தீர்ப்போ தேவையில்லை; நிர்வாகக் குழுவின் ஒரு தீர்மானம் போதும். நம் கல்லூரிகளுள் சில ஏழை மாணவருக்கு உதவித்தொகை வழங்கி வருகின்றன. அவை தம் கணக்கை வெளியிட முன்வந்தால் பிறரும் பின்தொடர்வர்.

உஸ்மான் சாலைக்குப் பெயர் தந்தவர் காலத்தில் முஸ்லிம்களின் பங்கு பன்னிரண்டில் இரண்டென்று அரசாணையில் எழுதப்பட்டிருந்தது. எவரும் படித்துப் பார்க்கலாம், எவரும் வழக்கிடலாம். இன்று நம் கையில் உள்ள ஐம்பது இடங்கள் யார் யாருக்குச் சென்றன என்பதைச் சமுதாயம் படித்தறிய ஓர் ஏடு இல்லை. அந்த ஏட்டைத் திறப்பதே முதற்பணி. அல்லாஹ் நம் நிர்வாகிகளுக்கும் நமக்கும் அதற்கான மனத்துணிவைத் தருவானாக.