கிடையில் ஒரு மாடு செருமினால்

மணப்பாடு என்றால் கடலும் முத்துக்குளிப்பும்தான் நினைவுக்கு வரும். அதே தூத்துக்குடி மாவட்டத்தின் உள்நாட்டில், தாமிரபரணி பாயும் ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வயல்களில் வேறொரு பழைய தொழில் உண்டு. அறுவடை முடிந்ததும் வயலில் கிடை போடுவார்கள். மாடுகள் ராத்திரி முழுக்கப் படுத்திருந்து போடும் சாணமும் மூத்திரமும் அடுத்த போகத்துக்கு உரமாகும். அதற்கு மந்தையை ஓட்டிவரும் கிடைக்காரருக்கு வயல்காரர் பணமோ நெல்லோ கொடுப்பார்.

உரத்துக்கு நல்லதான அந்த நெருக்கம் நோய்க்கும் நல்லது. ஒன்றன்மேல் ஒன்று மூச்சு விட்டபடி படுத்திருக்கும் மந்தையில் ஒரு மாடு செருமத் தொடங்கினால், கிடைக்காரர் அதன் அருகே போய் நின்று பார்க்காமல் இருக்க மாட்டார்.

என்ன பார்ப்பார்? வைக்கோல் தூசியில் வந்த செருமல் என்றால் மாடு அசைபோட்டுக்கொண்டுதான் இருக்கும். ஈர மேய்ச்சலில் திரிந்த கன்று மட்டும் இருமி இளைத்தால் நுரையீரல் புழுவாக இருக்கலாம். காய்ச்சல் ஏறி, தொண்டை வீங்கி, குறட்டை போல மூச்சு இழுத்தால் அது தொண்டை அடைப்பான். மழைக்காலத்தில் வரும் இந்த நோய் ஒரே நாளில் கொன்றுவிடும். மாட்டைவிட எருமையை வேகமாகச் சாய்க்கும். மாதக்கணக்கில் இருமி மெலிவது காசநோயின் போக்கு.

கண்ணுக்குத் தெரியும் குறியை வைத்தே நாட்டு வைத்தியம் நோய்களைப் பிரித்தது. மாட்டு வாகடம் என்ற பெயரில் ஓலைச்சுவடிகளும் இருந்தன. ஆனால் கைவைத்தியத்தில் ஓர் ஆபத்தும் இருந்தது. மூங்கில் குழாயில் மருந்து புகட்டும்போது தலையை அண்ணாத்திப் பிடித்து, நாக்கையும் இழுத்துவிட்டால் மருந்து மூச்சுக்குழாயில் இறங்கும். இருமலுக்குக் கொடுத்த மருந்தே நுரையீரலைக் கெடுத்துவிடும். புகட்டுகிற நேரத்தில் மாடு இருமினால் உடனே தலையைத் தாழவிட வேண்டும் என்று கால்நடை மருத்துவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

மாட்டு நோய் விஷயத்தில் அரசு தலையிட்டது 1866இல். அந்த ஆண்டின் சென்னை கால்நடை நோய்ச் சட்டம், நோய்ப்பட்ட மாட்டை மந்தையிலிருந்து பிரித்துவைக்கும் அதிகாரத்தைத் தந்தது. அப்போது நோய்க் கிருமி இன்னதென்று யாருக்கும் தெரியாது. 1871இல் ஹாலன் தலைமையிலான குழு இந்திய மாட்டுக் கொள்ளைநோய்கள் பற்றிய அறிக்கையைத் தந்தது. காசநோயைக் குணப்படுத்தும் என்று ராபர்ட் காக் 1890இல் அறிவித்த டியூபர்குலின் மருந்தாகத் தோற்றது; மாட்டுக்குக் காசநோய் இருக்கிறதா என்று கண்டறியும் சோதனையாகப் பிழைத்துக்கொண்டது. கழுத்துத் தோலில் ஊசி போட்டு, மூன்றாம் நாள் தடிப்பை அளப்பார்கள். இருமாத மாட்டிலும் நோய் ஒளிந்திருக்கும் என்பது இதனால்தான் தெளிவாயிற்று.

1903இல் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. 1932இல் ராணிப்பேட்டையில் தடுப்பு மருந்து நிலையம் வந்தது. வெக்கை நோய் என்ற மாட்டுக் கொள்ளைநோய்க்கான சீரம் தயாரிக்கத் தொடங்கிய இடம் அது. பிறகு தொண்டை அடைப்பானுக்கும் அங்கே தடுப்பூசி தயாரானது. முழங்கையை வெளியே அகற்றி, கழுத்தை நீட்டி, வலியோடு வறட்டு இருமல் இருமவைக்கும் மாட்டுத் தொற்று நுரையீரல் நோயிலிருந்து இந்தியா விடுபட்டதாக உலக விலங்கு நல அமைப்பு 2007இல் அறிவித்தது.

2009இல் வந்த மத்தியச் சட்டப்படி, தொற்றுநோய் என்று சந்தேகம் வந்தாலே மாட்டுக்காரர் ஊரில் தகவல் சொல்ல வேண்டும். நோய் மாட்டைத் தனியே கட்ட வேண்டும். ஒரே தொழுவத்தில் நிற்கும் மாடுகளுக்கு இது எளிது. கிடை மாடு அப்படியல்ல, ஓரிடத்தில் நிற்பதில்லை. ஐப்பசி மழைக்கு முன் தொண்டை அடைப்பான் ஊசி போட முகாம் நடக்கும் நாளில், மந்தை இரண்டு ஊர் தள்ளி யாரோ ஒருவர் வயலில் படுத்திருக்கலாம். ஆகவே ஊசி மருந்தோடு புறப்படும் மருத்துவருக்கு, எந்தக் கிடை எந்த வாரம் எந்த வயலில் என்ற கணக்கும் கையில் வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கு கிடைக்காரரிடம்தான் இருக்கிறது.