நன்னூலார் வகுத்த பன்னிரண்டு தலைப்புகள்

அறிக்கையோ கட்டுரையோ எழுதுமுன் சொல்ல வேண்டியவற்றைத் தலைப்புகளாகக் குறித்து வரிசைப்படுத்திக்கொள்ளும்படி நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சொல்லித் தருகிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் அது ஆங்கிலத்தோடு கப்பலேறி வந்த வித்தை என்று பெற்றோர் பலர் எண்ணுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஃபீனிக்ஸ் பேயில் என் கடைக்கு வருகிற நம்மவர்களே, "தமிழ்ல அந்த ஒழுங்கெல்லாம் ஏதுங்க?" என்று கேட்பதுண்டு. ஒழுங்கு இருந்தது, அதற்கு இலக்கணமே எழுதி வைத்திருந்தார்கள்.

சமண முனிவர் பவணந்தியார், சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்டியதற்கிணங்க 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நன்னூலை இயற்றினார். அதன் எழுத்ததிகாரத்தைத் திறந்து பாருங்கள். கடவுள் வாழ்த்துக்கு அடுத்த நூற்பாவே ஒரு பட்டியல்தான். எழுத்து எத்தனை, அவற்றின் பெயர் என்ன, எம்முறையில் அடுக்குவது, எங்ஙனம் பிறக்கின்றன என்று எளியதில் தொடங்கி, பதத்தைக் கடந்து புணர்ப்பில் முடியும் பன்னிரண்டு தலைப்புகள். இதைத்தான் முதலில் சொல்லிவிட்டு உள்ளே போகிறார்.

போனபின் செய்வதைக் கவனிக்க வேண்டும். முதல் பத்துத் தலைப்புகளும் எழுத்தியல் என்ற ஒரே இயலுக்குள் அடங்கிவிடுகின்றன. பதினோராவதான பதத்துக்குத் தனியாக ஓர் இயல். பன்னிரண்டாவதான புணர்ப்புக்கோ மூன்று இயல்கள்! சரக்குப் பட்டியலில் ஆணிப்பெட்டிக்கும் ஒரு வரி, சிமெண்ட் மூட்டைகளுக்கும் ஒரு வரிதான். ஜெட்டியில் இறக்கும்போது அடைக்கிற இடம் வேறல்லவா? வியாபாரிக்கு இது சட்டென்று விளங்கும்.

இது தற்செயலன்று. பாயிரத்தில் முப்பத்திரண்டு உத்திகளைச் சொல்லும்போது முதலாவதாக நுதலிப் புகுதல், அடுத்து ஓத்துமுறை வைப்பு என்கிறார். சொல்லப்போவதை முன்னே அறிவித்து நுழைவது ஒன்று. இயல்களை முறைப்பட வைப்பது மற்றொன்று. இவ்வுத்திகள் அவருக்கும் முந்தியவை. தொல்காப்பிய மரபியலிலும் உண்டு. வடமொழியில் கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் முதல் அத்தியாயத்தில் பொருளடக்கத்தை வைத்து, கடைசி அத்தியாயத்தில் இதேபோல் முப்பத்திரண்டு உத்திகளைச் சொல்கிறது.

பத்துக் குற்றங்களில் இரண்டு திட்டமில்லா எழுத்துக்கென்றே அமைந்தவை: மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல். சங்கங்களின் ஆண்டறிக்கைகள் சிலவற்றில் பொங்கல் விழா மூன்று பக்கம் ஓடும். வரவு செலவு மூன்று வரியில் தேய்ந்துவிடும்!

நன்னூலின் சிறப்புப்பாயிரம் ஐந்திலக்கணத்தையும் பேசுகிறது. கிடைத்திருப்பவை எழுத்தும் சொல்லும் மட்டுமே. மற்ற மூன்றும் எழுதப்பட்டு அழிந்தனவா, எழுதப்படவே இல்லையா என்று அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எழுத்ததிகாரத்தில் அந்தத் தகராறுக்கு இடமில்லை. பன்னிரண்டையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம், ஒன்றும் குறையவில்லை.